கேபிளின் மறுமுனை

புக்கிட் ரோத்தானிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வரும் சாலையோரத்தில், மண்ணுக்கு அடியில் ஒரு கறுப்புக் குழாய் போகிறது. அதற்குள் விரல் தடிமனில் ஒரு கேபிள். அது எங்கே வளைகிறது, எந்தப் பாலத்தை ஒட்டிப் போகிறது, எந்தக் குழியில் தண்ணீர் தேங்கி எங்களைப் படாத பாடு படுத்தியது என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் யாராவது, "இன்னிக்கு லைன் ஸ்லோவா இருக்குலா" என்று அலுத்துக்கொண்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என் பிள்ளையைக் குறை சொன்னது போல. அந்தக் கேபிளைக் குழாய்க்குள் விட்டவள் நான்.

இப்படிச் சொல்லிக்கொள்ளவே எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அதைச் சொல்ல வைத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் எண்ணெய்ப் பனையான செம்பனையில் குலை வெட்டுபவர். தோட்டத்தில் குலை வெட்டும் ஆளுக்குப் பின்னால் அவன் மனைவி போவது வழக்கம். அவர் வெட்டித் தள்ளுவார். நான் மட்டையை இழுத்து அடுக்குவேன், சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவேன், குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலையோரம் கொண்டுவந்து வைப்பேன். அன்றைய வேலை அவர் பெயரில் பதிவாகும். கூலியும் அவர் பெயரில் வரும். எங்கள் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். இதை யாரும் அநியாயம் என்று நினைத்ததில்லை. சோறு பொங்குவதற்கு யாராவது பேர் போடுவார்களா? அது மாதிரிதான் இதுவும் என்று இருந்தோம்.

பிறகு தோட்டத்தில் வேலை குறைந்தது. வாரத்தில் பாதி நாள் வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார் என் கணவர். நல்லவேளையாக அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் தோட்டப்புறங்களுக்கும் மலாய்க் கிராமங்களான கம்பங்களுக்கும் இணையக் கேபிள் போட ஆரம்பித்தது. ஒரு பெரிய கம்பெனி அந்த வேலையை எடுத்து, சின்னக் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் எங்கள் பக்கத்தைக் கொடுத்திருந்தது. அவருக்கு ஆள் தேவைப்பட்டது. எங்கள் லயத்திலிருந்து மூன்று ஆண்கள் போனார்கள். இரண்டாவது நாளே மூன்று மனைவிமாரும் பின்னால் போனோம்.

யாரும் கூப்பிடவில்லை. காலையில் பசியாறவும் மத்தியானத்துக்கும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கப் போனோம். போன இடத்தில் சும்மா நிற்க எங்களுக்குத் தெரியாது. ஒருத்தி மண்ணைத் தள்ளினாள். ஒருத்தி குழாயைப் பிடித்தாள். எதிர்வீட்டு அக்கா, வாயாலேயே ஊரை ஆள்கிறவர், போன அரை மணி நேரத்தில் லோரிக்காரனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வேலையைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசர் ராவாங்கில் இருந்து வரும் நம் தமிழ்ப் பையன்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. முதலாளியிடம் தினமும் திட்டு வாங்கி வாங்கி முகம் வாடிப்போயிருப்பான். எங்களைப் பார்த்து, "வாங்க அக்கா" என்றான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு என்ன பைத்தியமா? மூன்று கூலிக்கு ஆறு ஆள்.

எனக்குக் கேபிள் முனை அமைந்தது. முதலில் ஓர் இந்தோனேசியர் அதைச் செய்துகொண்டிருந்தார். அவர் வேறு இடத்துக்குப் போவதற்கு முன் என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பழக்கினார். பெரிய மர உருளையில் கேபிள் சுற்றியிருக்கும். அந்தப் பக்கம், தூரத்தில் உள்ள குழியில் ஆண்கள் நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். இந்தப் பக்கம் குழாயின் வாயில் ஓர் ஆள் நின்று கேபிளை உள்ளே விட வேண்டும். உருளை வேகமாகச் சுற்றினால் கேபிள் தளர்ந்து வளையம் விழும். மெதுவாகச் சுற்றினால் அந்தப் பக்கம் இழுக்கிறவர் பலத்தைக் காட்டுவார். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. தலைமுடிக்கும் மெல்லிசு. ஒடிந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் மூடிய பிறகு சோதித்துப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பிறகு அத்தனையையும் வெளியே இழுக்க வேண்டும்.

கேபிள் வழுக்கிக்கொண்டு போக ஒரு பசை தடவுவோம். அது தீர்ந்துபோன நாளில் என் வீட்டுப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைக் கொண்டுபோய் ஊற்றி வேலையை முடித்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் இணையம் போடுகிற எங்களுக்கு அந்தச் செம்பனைக் காட்டில் போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. அதனால் ஒரு சிவப்புத் துண்டைத்தான் ஆட்டிக் காட்டுவோம். ஒரு முறை ஆட்டினால் இழு. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் நிறுத்து. நடுவில் நின்று அதைப் பார்த்துக் குரல் கொடுப்பது எதிர்வீட்டு அக்கா. அவர் குரலுக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கேபிள் கைக்குள் ஓடும்போது குழாய்க்குள்ளே என்ன நடக்கிறது என்று விரலுக்குத் தெரியும். எங்கே வளைகிறது, எங்கே மண் அடைத்திருக்கிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் சொல்லாமலே தெரிந்தது. உதிரிப் பழம் பொறுக்கிய காலத்தில் முதுகுவலி தவிர எனக்கு எதுவும் தெரிந்ததில்லை. இங்கே வீட்டுக்குப் போகும்போது நாளைக்கு எப்போது விடியும் என்றிருந்தது. இதைக் கணவரிடம் சொன்னேன். "கிறுக்குப் புள்ள" என்றார்.

அரசாங்க அதிகாரி ஒருவர் முதல்முறை வந்தது ஒரு காலையில். மலாய்க்காரப் பெண்மணி, என்னைவிட வயதில் இளையவர். சேற்றில் நடக்கவென்று காருக்குள் ரப்பர் காலணி வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு அவர்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. திட்டத்துக்குப் பணம் கொடுக்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து வருகிறாராம். ஒவ்வோர் ஆளாகப் போய், என்ன வேலை செய்கிறீர்கள், கூலி எப்படி வருகிறது என்று மலாயில் கேட்டார். சூப்பர்வைசர் அவருக்கு முன்னால் ஓடி வந்து எங்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, பொம்பளைங்க பேரு லிஸ்ட்ல இல்ல. பாத்துப் பேசுங்க. தவுக்கே என்னைக் கொன்னுடுவாரு" என்றான். தவுக்கே என்றால் அந்தக் கொந்தராத்து முதலாளி.

அவர் என்னிடம் வந்து நின்றார். "காக், நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். மலாயில் அது அக்கா என்று கூப்பிடுவது; நாங்கள் அவரைப் புவான், அதாவது அம்மா, என்போம். முழங்கை வரைக்கும் பசையோடு, ஒரு கையில் கேபிளைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன்: "வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன், புவான்."

மற்ற இருவரும் அதையேதான் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு படி மேலே போய், காற்று வாங்க வந்தேன் என்று சொல்லிவிட்டார். கையில் மண்வெட்டி.

புவான் சிரிக்கவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, மெதுவாக, எங்களுக்குப் புரிகிற மலாயில் சொன்னார். இது அரசாங்கப் பணத்தில் நடக்கிற வேலை. இந்தப் பணத்தில் வேலை செய்கிற யாருக்கும், இந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு என்ன கூலி நடப்பில் இருக்கிறதோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அது ஒப்பந்தத்திலேயே உள்ள நிபந்தனை. பெரிய கம்பெனிக்குக் கீழே சின்னக் கம்பெனி, அதற்குக் கீழே இன்னொன்று என்று எத்தனை இருந்தாலும் அது மாறாது. கேபிள் வேலை செய்தால் கேபிள் வேலைக்குரிய கூலி, மண் வெட்டினால் மண் வேலைக்குரிய கூலி. ஆளுக்கு ஆள் தனிக் கூலி, குடும்பத்துக்கு ஒரே கூலி என்பது கிடையாது. இதைச் சொல்லிவிட்டு, "நான் மறுபடியும் வருவேன்" என்று காரில் ஏறினார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். எதிர்வீட்டு அக்காதான் முதலில் வெடித்தார். "நம்மளையே நாம இல்லேன்னு சொல்லிட்டோமே, வெக்கமா இல்ல?" என்றார். காற்று வாங்க வந்தவர் கேட்கிற கேள்வியா இது என்று நான் திருப்பிக் கேட்டேன். சிரித்தோம். ஆனால் எனக்குள்ளே எரிந்துகொண்டிருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து பழம் பொறுக்கிய காலத்தில் யாராவது இப்படிக் கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன், வருத்தமும் பட்டிருக்க மாட்டேன். இந்தக் கேபிள் வேலையைப் போய், என்னுடையது இல்லை என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன். "அடுத்த வாட்டி அந்தம்மா வந்தா உண்மையச் சொல்லிடப் போறேன்."

அவர் தேநீர் ஆறிப்போகும் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சொன்னா ஆறு பேருக்குக் கூலி குடுக்கணும். தவுக்கே குடுக்க மாட்டாரு. எங்க மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு வேற ஆள் எடுப்பாரு. வேல போச்சுன்னா என்னா செய்யறது? தோட்டத்துல எனக்கு இனி முழு வேல இல்ல, புள்ள" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் என் வாயைக் கட்டியது. என் வேலைக்கு என் பேர் வேண்டும் என்றால் அவர் வேலைக்கே உலை வைக்க வேண்டும். மறுநாள் வழக்கம்போலச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கேபிளைப் பிடித்தேன்.

புவான் சொன்னபடி வந்தார். இந்த முறை ஒரு பெட்டி நிறைய கரிபாப் பலகாரமும் சூடாகத் தேநீரும் கொண்டுவந்திருந்தார். எங்கள் மூவரையும் பார்த்து, "சாப்பாடு கொண்டுவந்தவர்கள் எல்லாம் பாவம், வெயிலில் நிற்கிறீர்கள். வாருங்கள், நிழலில் உட்கார்ந்து பேசலாம். வேலை செய்கிறவர்கள் வேலை செய்யட்டும்" என்றார். குரலில் அவ்வளவு மரியாதை. எங்களுக்கு வேறு வழி இல்லை. போய் உட்கார்ந்தோம். கரிபாப் நன்றாகத்தான் இருந்தது. நான் உருளையையே பார்த்துக்கொண்டு மென்றேன்.

சூப்பர்வைசர் எங்களைப் பார்த்தான், உருளையைப் பார்த்தான். அன்றைக்குள் அந்தப் பகுதிக் கேபிளை இழுத்து முடித்தாக வேண்டும். வேறு யாரும் இல்லாததால் அவனே போய்க் குழாய் வாயில் நின்றான். பாவம், கணினி தட்டுகிற கை. ஒரு கையில் சிவப்புத் துண்டு, இன்னொரு கையில் கேபிள். பசை தடவ மூன்றாவது கைக்கு எங்கே போவான்? துண்டை ஆட்டினான். நடுவில் குரல் கொடுக்க ஆள் இல்லை. அந்தப் பக்கம் பார்த்தார்களோ இல்லையோ, கயிறு ஓர் இழுப்பு இழுத்தது. உருளை கடகடவென்று சுற்றியது. அடுத்த இழுப்பு வரவில்லை. கேபிள் தளர்ந்து கீழே சரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு வளையம் விழுகிறது. அது தெரியாமல் அவன் மறுபடி துண்டை ஆட்டுகிறான்.

"டேய் நிறுத்துடா! ஒடைஞ்சிரும்!"

அது என் குரல்தான். தேநீர்க் குவளை எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. ஓடிப்போய் அவனைத் தோளால் தள்ளிவிட்டு, வளையத்தைக் கையால் பிரித்து, துண்டைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். எதிர்வீட்டு அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நிறுத்தூஊ" என்று ஒரு சத்தம் போட்டார். செம்பனைக் காடே அதிர்ந்தது. கயிறு நின்றது. கேபிளை விரலால் தடவிப் பார்த்தேன். ஒடியவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான், புவான் எனக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"சாப்பாடு கொண்டுவந்த காக்," என்றார். அப்போதுதான் அவர் சிரித்தார்.

இத்தனையும் போச்சு, நானே கெடுத்தேன் என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கக் குழியிலிருந்து என் கணவர் சேற்றோடு ஓடி வந்துகொண்டிருந்தார். ஏதோ விபத்து என்று நினைத்துவிட்டார். என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். அடிபடவில்லை என்று தெரிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு முகத்துச் சேற்றைத் துடைத்தார். பிறகு யாரும் கேட்காமலே புவானிடம் திரும்பி, அவருக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்: "புவான், நாங்கள் பொய் சொன்னோம். இந்த மூன்று பேரும் முதலிலிருந்தே வேலை செய்கிறார்கள். கேபிளை விடுவது இவர்தான். இவர் இல்லாவிட்டால் நாங்கள் இழுக்க முடியாது. இதைச் சொன்னதற்கு என்னை நிறுத்தினாலும் சரி."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் அந்நியர் முன்னால் என்னை இவர் என்று மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மலாயில் அவள், அவர் இரண்டுக்கும் ஒரே சொல்தான், நானே அப்படிக் கேட்டுக்கொண்டேனோ என்னவோ. எனக்கு அப்படித்தான் கேட்டது.

புவான் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. சூப்பர்வைசரைத் தனியே கூப்பிட்டு நெடுநேரம் பேசினார். அவன் முகத்தில் பயம் போய் ஏதோ பாரம் இறங்கினது போல ஆனதைப் பார்த்தேன். பிறகு எங்களிடம் வந்து, சின்ன முதலாளி கூலியைச் சரிசெய்யாவிட்டால் பெரிய கம்பெனிக்குப் போக வேண்டிய பணம் நிற்கும், அதனால் பெரிய கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்றார். உண்மையைச் சொன்னதற்காக ஆளை மாற்றினால் அதையும் தான் கேட்பதாகச் சொன்னார்.

சொன்னதும் எல்லாம் நடந்துவிடவில்லை. தவுக்கே வந்து கத்தினார். பொம்பளைகளுக்கு எதற்கு அந்தக் கூலி, உதவி ஆள் என்று போட்டால் போதாதா என்றார். சூப்பர்வைசர் அவரை எதிர்த்து, "பாஸ், இந்த அக்கா கேபிள் ஆளு. ஹெல்ப்பர் இல்ல. நானே நின்னு பாத்தேன், என்னால முடியல" என்றான். அந்தப் பையனுக்கு அவ்வளவு தைரியம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவன் குழந்தை நன்றாக இருக்க வேண்டும். சில நாள் இழுபறிக்குப் பிறகு எங்கள் மூவரின் பேர்களும் பட்டியலில் ஏறின. என் பேருக்கு நேரே கேபிள் வேலை. எதிர்வீட்டு அக்காவுக்கு மண் வேலை என்றுதான் போட்டார்கள். கத்துவதற்கு எந்தக் கூலியும் நடப்பில் இல்லையா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சம்பளம் போட்ட நாள் நானும் கணவரும் மோட்டார் சைக்கிளில் கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போனோம். வங்கி மெஷின் முன்னால் நான் நிற்க, அவர் வெளியே வண்டியருகிலேயே நின்றுகொண்டார். "ஒன் கணக்கு. நான் எதுக்கு?" என்றார். நான் திரும்பி வந்தபோது என் சம்பளச் சீட்டைக் கையில் வைத்து உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என் பேரில் சேமநிதிக்குப் பிடித்திருந்ததையும், முதலாளி பங்காகப் போட்டிருந்ததையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது ஒனக்கு மொதத் தடவையா?" என்றார்.

"வேற எப்ப இருந்துச்சு?"

அவர் சீட்டை மடித்தார். மறுபடி பிரித்தார். "தோட்டத்துல எனக்குச் சேமநிதி இருக்கே. அத்தன வருஷம். அதுல நீ பொறுக்குனது எவ்ளோ, நீ தள்ளுனது எவ்ளோன்னு யாருக்குத் தெரியும்? எல்லாம் என் பேருல கெடக்கு."

"அதுக்கு என்னா இப்ப? நீங்க ஒண்ணும் திருடலையே" என்றேன்.

"திருடல," என்றார். "ஆனா ஒருநாளும் கேக்கலையே, புள்ள. யாரோ ஒரு மலாய்க்காரம்மா வந்து ரெண்டு வாட்டி கேட்டாங்க. கூடவே இருந்த நான் ஒருவாட்டிகூட ஒன்னக் கேக்கல."

வங்கி வாசலில், ஊரே போய்வருகிற இடத்தில் அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர்மேல் இல்லை. யார்மேல் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபப்பட்டுக்கொண்டே நானும் அழுதேன். அன்றைக்கு அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கூலி மட்டும்தான் கிடைத்திருக்கும்.

மழை வரும் போலிருந்தது. வண்டியை எடுங்கள் என்றேன். அவர் சாவியை என்னிடம் நீட்டி, கண்ணு தெரியல, நீயே ஓட்டு என்றார். அசாம் ஜாவா வழியாக வீடு வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.